குருதிக் குழாயின் அடைப்பும் அதனை நீக்கிய கருவிகளும்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தரவேண்டுமென்று மலர்க் குழுவினர் என்னைக் கேட்டபொழுது, ஒருபுறம் மகிழ்ச்சியும் மற்றொருபுறம் அச்சமும் எனக்கு உண்டாயின. முந்தைய மலர்களில் சோழர் கடற்படையைப் பற்றியும் கோயில் கல்வெட்டுக்களைப் பற்றியும் எழுதிய அன்பர்கள் கற்றறிந்தவர்கள். யானோ பத்தாம் வகுப்போடு ஏட்டுப் படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வே சரக்கு அலுவலகத்தில் இரசீதுகளோடும் பேரேடுகளோடும் காலங்கழிக்கும் குமாஸ்தா. எனினும், மன்னர்களுக்கும் கோட்டைகளுக்கும் மட்டுமே வரலாறு உண்டு என்று எவரும் விதி செய்துவிடவில்லை. ஒரு சிறு ரப்பர்க் குழலுக்கும் வரலாறு உண்டு. அவ்வரலாற்றை நான் தேடிப் படிக்கத் தொடங்கியதற்குக் காரணம் என் பெரியப்பாவின் வலது கால்.

எங்கள் ஊர் சத்தியவேடு. நம் காலனியில் அவ்வூரைத் தெரிந்தவர்கள் பலர் உளர், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கவரப்பேட்டையிலிருந்தும் ஊத்துக்கோட்டையிலிருந்தும் பஸ் ஏறிப் போகவேண்டிய ஊர், இரயில் கிடையாது. (இரயில்வேயில் உத்தியோகம் பார்ப்பவனுக்கு இரயில் இல்லாத ஊர் வாய்த்ததைப் பற்றி என் நண்பர்கள் செய்யாத கேலி இல்லை.) 1960 ஏப்ரல் வரையில் செங்கற்பட்டு ஜில்லாவில் இருந்த பகுதி அது, திருத்தணி சென்னை இராஜ்யத்துக்கு வந்தபோது, எல்லை மாற்றத்தில் எங்கள் பகுதி ஆந்திரத்துக்குச் சென்று சித்தூர் ஜில்லாவில் சேர்ந்தது. 2022 முதல் திருப்பதி ஜில்லா. வீட்டில் தமிழ், கச்சேரியில் தெலுங்கு, ஆபத்து என்றால் சென்னையா திருப்பதியா என்ற குழப்பம், இவை மூன்றும் எங்கள் ஊராரின் பிறவிச் சொத்துக்கள்.

1995 ஆம் ஆண்டு; நான் பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் விடியற்காலையில் வேர்க்கடலைக் கொல்லைக்குப் புறப்பட்ட பெரியப்பா, வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வலது காலில் திடீரென்று பொறுக்கமுடியாத வலி. தொட்டுப் பார்த்தால் கால் பனிக்கட்டிபோல் குளிர்ந்திருந்தது, நிறமும் வெளுத்திருந்தது. நரம்புப் பிடிப்பு என்றார் ஒருவர். வாயு என்றார் மற்றொருவர். பெரியம்மா நல்லெண்ணெய் தேய்த்தார். அத்தை தவிட்டு ஒத்தடம் கொடுத்தார். உச்சிப் பொழுது கடந்து, காலில் உணர்ச்சியே இல்லை என்று அவர் சொன்ன பிறகுதான் பஸ்ஸைத் தேடினோம். ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பப்பட்டு, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியை அடைந்தபோது மறுநாட் காலை ஆகிவிட்டது. முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

அங்கிருந்த டாக்டர் என் தந்தையாரிடம் சொன்னது இன்றும் என் நினைவில் இருக்கிறது. இருதயத்தில் உறைந்த இரத்தக் கட்டி ஒன்று பிரிந்து வந்து, தொடைக்குச் செல்லும் குழாயை அடைத்துவிட்டது. ஆறு மணி நேரத்துக்குள் வந்திருந்தால் நுனியில் பலூன் பொருத்திய மெல்லிய குழலைச் செலுத்தி அக்கட்டியை இழுத்து எடுத்திருக்கலாம் என்றார் அவர். பலூனா? திருவிழாவில் வாங்கும் பலூனைத் தவிர வேறொன்றை அறியாத எனக்கு அச்சொல் விளங்கவில்லை. அது எப்பொழுது, யாரால் செய்யப்பட்டது என்று பல ஆண்டுகள் கழித்து நான் படித்தறிந்தபோது, என் உள்ளம் கலங்கிற்று. பெரியப்பா கால் இழந்த நாளில் அக்கருவிக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது.

கருவிகளின் கதைக்குப் போகுமுன், அடைப்பு என்பது இருவகைப்படும் என்பதைச் சொல்லவேண்டும். எங்கிருந்தோ உருண்டு வந்த இரத்தக் கட்டி சட்டென்று வழியை மறிப்பது ஒருவகை. பெரியப்பாவுக்கு நேர்ந்தது அதுவே. குழாயின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணமும் ஆண்டுக்கணக்காகப் படிந்து வழி குறுகுவது மற்றொருவகை. மாரடைப்புக்குப் பெரும்பாலும் அடிப்படை அதுவே. குறுகிய அவ்விடத்தில் படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்தால், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மனிதன் சாய்கிறான். எங்கள் இலாகா மொழியில் சொல்வதானால், முதலாவது தண்டவாளத்தின் குறுக்கே மரம் விழுந்தது போல. இரண்டாவது மண் சரிந்து சரிந்து பாதை மூடிப்போனது போல.

உடலைப் பெரிதாகக் கிழிக்காமல் குழாயின் வழியாகவே உள்ளே போகலாம் என்று காட்டியவர் ஜெர்மனி தேசத்து வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் டாக்டர். 1929 இல் எபர்ஸ்வால்டே என்னும் சிற்றூர் ஆஸ்பத்திரியில், மேலதிகாரியின் அனுமதியின்றி, தம் முழங்கையின் நாளத்தைத் தாமே கீறி, 65 சென்டிமீட்டர் நீளமுள்ள குழலை இருதயம்வரை செலுத்திக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்து சென்று படமும் எடுத்துக்கொண்டார்! உதவிக்கு வந்த நர்ஸ் அம்மையார் தம்மீதே அச்சோதனையைச் செய்யும்படி வேண்ட, அவரை மேசையில் கட்டிவைத்துவிட்டு, அவர் அறியாமல் தம் கையையே கீறிக்கொண்டாராம். பாராட்டுக்குப் பதிலாக ஏச்சே அவருக்குக் கிடைத்தது. வேறு துறைக்குப் போய்ச் சிறுநீரக வைத்தியராக வாழ்ந்தவரை, 1956 இல் நோபெல் பரிசு தேடிச் சென்று அடைந்தது. அவர் வழியைப் பின்பற்றி ஆராய்ந்த கூர்நாண்ட், ரிச்சர்ட்ஸ் என்ற இருவரும் அப்பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இனி, பெரியப்பாவின் காலைக் காத்திருக்கக்கூடிய அக்குழலுக்கு வருகிறேன். இவ்வரலாற்றிலேயே என் மனத்துக்கு மிகவும் நெருங்கிய பகுதி இது.

அமெரிக்காவில் சின்சினாட்டி நகரில் தாமஸ் ஃபோகார்ட்டி என்ற சிறுவன் இருந்தான். இளமையிலேயே தந்தையை இழந்தவன், படிப்பில் சுமார். ஆனால் எந்தப் பொருளையும் கழற்றிப் பூட்டும் கைப்பழக்கம் அவனிடம் இருந்தது. விமான பொம்மை செய்து விற்பான். ஸ்கூட்டருக்குப் புதிய கிளட்ச் அமைப்பான். குடும்ப வருவாய்க்காக ஓர் ஆஸ்பத்திரியில் கருவிகளைக் கழுவும் வேலைக்குச் சேர்ந்தான். பிறகு அறுவை அறையில் டாக்டர்களுக்குக் கருவி எடுத்துக் கொடுக்கும் உதவியாளன் ஆனான். அங்கே ஜான் கிரான்லி என்ற அறுவை வைத்தியர் அவனைத் தம் பிள்ளைபோல் நடத்தி, வைத்தியக் கல்லூரிக்குப் போகத் தூண்டினார்.

அறுவை அறையில் அவன் கண்டது என்ன? காலில் இரத்தக் கட்டி அடைத்தவர்களுக்குத் தொடையிலிருந்து நீளக் கீறி, குழாயைத் திறந்து, கட்டியைத் தேடுவார்கள். பல மணி நேரம் மயக்க மருந்திலேயே நோயாளி கிடப்பார். அப்படியும் பலர் காலை இழந்தனர்; பலர் உயிரையே இழந்தனர். சிறு துளை ஒன்றின் வழியே குழலைக் கட்டிக்கு அப்பால் செலுத்தி, அங்கே பலூனை உப்ப வைத்து, கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டியால் இழுப்பதுபோல் இழுத்தால் என்ன என்று ஃபோகார்ட்டிக்குத் தோன்றிற்று. சிறுநீர் வழிக்குப் பயன்படும் மெல்லிய குழல் ஆஸ்பத்திரியிலேயே இருந்தது. பலூனுக்கு அறுவைக் கையுறையின் விரல் நுனியை வெட்டி எடுத்துக்கொண்டார். இரண்டையும் ஒட்டுவதற்குத்தான் எந்தப் பசையும் பிடிக்கவில்லை. சிறு வயதில் மீன் பிடிக்கத் தூண்டிலில் பொய்ப்பூச்சி கட்டிப் பழகிய விரல்கள் அவருடையவை. அதே முடிச்சைப் போட்டு, நூலால் இறுக்கிக் கட்டினார். ஒழுகவில்லை.

முதன்முதலாக ஒரு மனிதருக்கு அது பயன்பட்டது 1961 இல். கட்டுரை எழுதி அனுப்பியபோது வைத்தியச் சஞ்சிகைகள் அதை வேண்டாமென்று திருப்பின. 1963 இல் ஒருவாறு அச்சேறிற்று. கம்பெனிகளும் முதலில் செய்ய மறுத்தன. ஆகவே அவர் தம் கையாலேயே ஒவ்வொன்றாகக் கட்டித் தமக்கும் பிற வைத்தியர்களுக்கும் கொடுத்து வந்தார். இருதய வால்வு செய்வதில் புகழ் பெற்ற எட்வர்ட்ஸ் என்ற பொறியாளரின் தொழிற்சாலை அதனை ஏற்றுச் செய்யத் தொடங்கிய பின்னரே உலகமெங்கும் பரவிற்று. பலூன் சுருங்கிய நிலையில் உள்ளே போகிறது. கட்டியைத் தாண்டியதும் உப்பு நீரால் உப்புகிறது. வெளியே இழுக்கும்போது கட்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறது. கவட்டில் ஒரு சிறு கீறல் போதும். இன்றளவும் அவர் பெயராலேயே அக்குழலை வைத்தியர்கள் அழைக்கிறார்கள்.

இதில் வைத்தியர்களுக்கன்றி நமக்கு உரியதான ஒரு செய்தியும் உண்டு. காலனியிலுள்ள தாய்மார்கள் இதை மறவாமல் கேட்டுக்கொள்ளவேண்டும். திடீரென்று ஒரு கால் மட்டும் குளிர்ந்து, வெளுத்து, கடுமையாக வலித்து, பாதத்தில் நாடி தட்டாமற் போனால், எண்ணெய் தேய்ப்பதும் ஒத்தடம் கொடுப்பதும் கூடாது. இரத்தமின்றித் தவிக்கும் தசைக்குச் சூடு மேலும் கேடு செய்யும். வண்டி பிடிக்கவேண்டும். எங்கள் பெரியம்மாவின் அன்பில் குறை ஏதுமில்லை; அவருக்கு இதைச் சொல்ல ஆளில்லை.

அதே காலத்தில், இரண்டாவது வகை அடைப்பை நோக்கி வேறொருவர் கிளம்பினார். ஃபோகார்ட்டி பயிற்சிக்குச் சென்ற ஆரகன் மாகாணப் போர்ட்லண்ட் நகரத்து வைத்தியக் கல்லூரியிலேயே, சார்லஸ் டாட்டர் என்பவர் எக்ஸ்ரே துறையின் தலைவராக இருந்தார். மலையேறும் பித்து, பறவை பார்க்கும் பித்து, கார் என்ஜினைப் பிரிக்கும் பித்து எல்லாம் ஒருங்கே உடையவர். அவரைச் சிலர் ‘பைத்தியக்கார சார்லி’ என்றே கேலி செய்தார்கள். கிட்டார் வாத்தியத்தின் தந்திக் கம்பியைக்கூட வழிகாட்டிக் கம்பியாகப் பயன்படுத்திப் பார்த்தவர் அவர்.

1964 ஜனவரி 16 ஆம் நாள், 82 வயது மூதாட்டி ஒருவர் அவரிடம் அனுப்பப்பட்டார். இடது பாதம் அழுகத் தொடங்கியிருந்தது. காலை எடுத்துவிட வேண்டுமென்று அறுவை வைத்தியர்கள் சொல்ல, மூதாட்டி இணங்கவில்லை. டாட்டர் தொடைக் குழாயில் ஒரு கம்பியைச் செலுத்தி, அதன்மேல் மெல்லிய குழலொன்றும், அதன்மேல் சற்றுத் தடித்த குழலொன்றுமாகச் செலுத்திக் குறுகிய இடத்தை அகலப்படுத்தினார். சில நிமிடங்களில் பாதம் வெதுவெதுப்பாயிற்று. புண் ஆறிற்று. அதன்பின் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் உயிரோடிருந்த அம்மூதாட்டி, இறுதிவரையில் தம் இரு கால்களாலேயே நடந்தார். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் நான் சற்று நிறுத்திவிடுவது வழக்கம்.

அமெரிக்க அறுவை வைத்தியர்கள் டாட்டரை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. நோயாளியைப் படம் எடுக்க அனுப்பும்போதே, பார்க்க மட்டும் செய்க, சரிசெய்ய முயலவேண்டா என்று சீட்டு எழுதி அனுப்பியவர்களும் இருந்தார்கள். அலுவலகங்களில் ஓர் இலாகா மற்றோர் இலாகாவுக்கு எழுதும் குறிப்புக்களைப் படித்துப் பழகிய எனக்கு இதில் வியப்பு ஏதும் இல்லை!

இங்கே ஒரு சிறு கிளைக்கதை. வில்லியம் குக் என்பவர் 1963 இல், புளூமிங்டன் என்ற ஊரில் தாமும் மனைவியும் குடியிருந்த வீட்டின் படுக்கையறை ஒன்றிலேயே கம்பியும் குழலும் செய்யும் தொழிலைத் தொடங்கியிருந்தார். சிகாகோ நகரத்தில் நடந்த கண்காட்சி ஒன்றில், நெருப்புக் குழாயை வைத்துக்கொண்டு டெஃப்லான் குழலை உருக்கி வடிவாக்கிக்கொண்டிருந்த அவரை, ஒருவர் நெடுநேரம் நின்று பார்த்தார். மாலையில் அந்நெருப்புக் குழாயையும் கொஞ்சம் குழலையும் இரவல் கேட்டார். மறுநாட் காலையில், தம் ஓட்டல் அறையில் செய்த பத்துக் கதீட்டர்களைக் கொண்டுவந்து குக்கிடம் கொடுத்தார். குக் அவற்றை அன்றே தலைக்குப் பத்து டாலருக்கு விற்றுவிட்டார். இரவல் கேட்டவர் டாட்டர்தான். அப்படுக்கையறைத் தொழில் பின்னர் உலகெங்கும் கிளைவிட்ட பெருங் கம்பெனியாயிற்று.

டாட்டர் குழலால் இடித்து அகற்றினார். அம்முறையில் குழாய் கிழியும் அபாயமும், பெரிய துளை இடவேண்டிய தொல்லையும் இருந்தன. அதைத் திருத்தியவர் ஆண்டிரியாஸ் குருன்ட்சிக். 1939 இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பிறந்து, ஸ்விட்சர்லாந்தின் சூரிக் நகரில் வேலை பார்த்தவர். பகல் முழுவதும் ஆஸ்பத்திரி; இரவில் தம் வீட்டுச் சமையலறை மேசையின்மீது பிளாஸ்டிக்கும் நூலும் கத்தரியும் பசையும். உதவியாளரான மரியா ஷ்லும்ப் அம்மையாரும் அவர் கணவரும் கூட உட்கார்ந்து உழைத்தார்கள். கையுறை ரப்பர் உப்பும்போது மெலிந்த பக்கமெல்லாம் பிதுங்கும். அடைப்பை அழுத்தும் வலிமை அதற்கில்லை. உப்பினாலும் ஒரு குறித்த விட்டத்துக்குமேல் போகாத உறுதியான பலூன் வேண்டும். ஓய்வு பெற்ற வேதியியல் பேராசிரியர் ஒருவரின் யோசனைப்படி, மின்கம்பிகளுக்கு உறையாகும் பி. வி. சி. பிளாஸ்டிக்கை எடுத்து அத்தகைய பலூனைச் செய்தார். 1974 இல் காலின் குழாயில் அது வெற்றியடைந்தது.

இருதயம் வேறு. அதன் குழாய்களின் அகலம் மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான். பலூன் உப்பியிருக்கும் சில நொடிகள் இரத்த ஓட்டமே நின்றுபோகும். அக்குழாய்களுக்குள் நேரே சாயம் செலுத்திப் படமெடுக்கலாம் என்பதுகூட, 1958 அக்டோபர் 30 அன்று கிளீவ்லாந்து நகரில் மேசன் சோன்ஸ் என்ற டாக்டர் செய்த படப்பிடிப்பில், சாயம் தவறி அக்குழாய்க்குள் பாய்ந்து, இருதயம் சில நொடி நின்று, நோயாளி இருமியபின் மீண்டும் துடித்ததனால் தெரியவந்ததே. பிழையால் கிடைத்த அறிவு அது. 1967 இல் அதே கிளீவ்லாந்தில் ஃபவலோரோ என்ற அர்ஜென்டினா நாட்டு வைத்தியர், காலின் நாளத்தை எடுத்து அடைப்பைச் சுற்றி மாற்றுப் பாதை அமைக்கும் ‘பைபாஸ்’ முறையை நிலைநாட்டினார். நெஞ்செலும்பைப் பிளக்கவேண்டிய பெரிய சிகிச்சை அது.

1977 செப்டம்பர் 16 ஆம் நாள், சூரிக் நகரில், 38 வயதுடைய ஒருவருக்குக் குருன்ட்சிக் தம் பலூனை இருதயக் குழாயில் செலுத்தினார். நோயாளி விழித்திருந்தார், பேசிக்கொண்டிருந்தார். தேவைப்பட்டால் உடனே நெஞ்சைத் திறக்க அறுவை வைத்தியர்கள் ஆயத்தமாக இருந்தனர். தேவைப்படவில்லை. பத்தாண்டு கழித்து அம்மனிதருக்கு மீண்டும் படமெடுத்துப் பார்த்தபோதும், அவ்விடம் திறந்தே இருந்தது. ஆனால் அதைப் பார்க்கக் குருன்ட்சிக் இல்லை. அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்து எமரி பல்கலைக்கழகத்தில் பணியாற்றி வந்த அவர், 1985 அக்டோபர் 27 ஆம் நாள், மனைவியோடு தம் சொந்த விமானத்தில் பறக்கையில் விழுந்து மாண்டார். வயது 46. டாட்டரும், அவரோடு உழைத்த ஜட்கின்ஸும், மேசன் சோன்ஸும் அதே 1985 ஆம் ஆண்டிலேயே மறைந்தார்கள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே நான் சற்றுப் பெருமை கொண்டாடிக்கொள்ள அன்பர்கள் அனுமதிக்கவேண்டும். 1975 இல் இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவை நடந்தது ஒரு ராஜாவின் ஆஸ்பத்திரியிலும் அன்று. கோடீசுவரர் கட்டிய ஆஸ்பத்திரியிலும் அன்று. பாயின்ட்ஸ்மேனும் ஃபயர்மேனும் வரிசையில் நின்று மருந்து வாங்கும் சென்னைப் பெரம்பூர் இரயில்வே ஆஸ்பத்திரியில் அது நடந்தது. செய்தவர் டாக்டர் கே. எம். செரியன், 2025 இல் காலமானார். எங்கள் அலுவலகத்தில் அவ்வாஸ்பத்திரியின் பெயரைச் சொன்னால் இன்றும் பழைய ஊழியர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

குருன்ட்சிக்கிடம் அட்லாண்டாவில் நேரே பயின்றவர், கேரளத்துக் கோட்டயத்தில் பிறந்த டாக்டர் மாத்யு சாமுவேல் களரிக்கல். சென்னைக்கு வந்து, 1986 இல் இந்தியாவின் முதல் ஆஞ்சியோபிளாஸ்டியை, அதாவது இருதயக் குழாயின் பலூன் சிகிச்சையைச் செய்தவர் அவரே. ஆசிரியர் மறைந்த மறு ஆண்டில் அவருடைய கலை நம் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது. பத்மஸ்ரீ விருது பெற்ற அவரும் 2025 இல் மறைந்தார். அவர் தொடங்கிய நாளில் பலூன், கம்பி, குழல் அனைத்தும் கடல் கடந்து வரவேண்டியிருந்தன.

பலூன் சிகிச்சையில் ஒரு குறை இருந்தது. அகட்டிய இடம் மீண்டும் சுருங்கும். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஆறு மாதத்துக்குள் பழைய நிலை திரும்பிவிடும். 1978 இல் குருன்ட்சிக்கின் சொற்பொழிவைக் கேட்டுக்கொண்டிருந்த ஜூலியோ பல்மாஸ் என்ற அர்ஜென்டினா வைத்தியருக்கு, உள்ளேயே ஒரு முட்டுக் கொடுத்தால் என்ன என்று தோன்றிற்று. கொத்தனார் சுவர்ப் பூச்சுக்குப் பயன்படுத்தும் வெட்டிழுத்த கம்பி வலையின் துண்டொன்று அவருடைய கார்க் கொட்டகையில் கிடந்தது. சுருங்கிய நிலையில் வெறும் கீறல்களாகவும், விரித்தால் வைரக்கட்டங்களாகவும் ஆகும் அவ்வலையே அவருக்கு வழிகாட்டிற்று. உணவுக்கடை முதலாளி ஒருவர் 2,50,000 டாலர் முதல் போட்டார். பல்மாஸும் அவர் கூட்டாளி ஷாட்ஸும் செய்த அவ்வலைக்குழல் 1994 இல் அமெரிக்க அரசின் அனுமதியை இருதயத்துக்குப் பெற்றது. எனினும் மனித இருதயக் குழாயில் முதல் வலைக்குழலை வைத்தவர் பிரான்சு தேசத்துத் துலூஸ் நகரத்து ஜாக் புவேல். 1986 மார்ச் 28 அன்று, வேறொரு மாதிரி வலைக்குழல். அதற்கு வழங்கும் ‘ஸ்டென்ட்’ என்ற பெயரோ, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல் அச்செடுக்கும் மெழுகுக் கலவை ஒன்றைச் செய்த சார்லஸ் ஸ்டென்ட் என்ற லண்டன் பல் வைத்தியருடையது! பாவம், தம் பெயர் இருதயத்துக்குள் புகும் என்று அவர் கனவிலும் கருதியிருக்கமாட்டார்.

எங்கள் ஊர் மொட்டை மாடியில் ஏறிக் கிழக்கே பார்த்தால், ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் எழும்பும் நாளில் வானத்தில் தீக்கோடு தெரியும். 1980 ஜூலை 18 அன்று அங்கிருந்து ரோகிணி என்ற துணைக்கோளை ஏந்திச் சென்ற எஸ். எல். வி. ராக்கெட்டின் திட்ட இயக்குநர், இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம். அதற்கு முந்தைய ஆகஸ்டில் முதல் ராக்கெட் கடலில் விழுந்ததையும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் பின்னர் ஐதராபாத்தில் ஏவுகணைகள் செய்யும் பணியை மேற்கொண்டபோது, அங்குள்ள நிஜாம் ஆஸ்பத்திரியில் போலியோ தாக்கிய குழந்தைகள் மூன்று கிலோவுக்கு மேற்பட்ட இரும்புத் தாங்கிகளை இழுத்துக்கொண்டு நடப்பதைக் கண்டு, ஏவுகணைக்கான இலேசான பொருளால் சுமார் 300 கிராம் எடையுள்ள தாங்கியைச் செய்வித்தார். அவரும் இருதய வைத்தியர் டாக்டர் சோமராஜுவும் சேர்ந்து, பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடங்களின் உலோக அறிவைத் துணைக்கொண்டு, 1990களில் உள்நாட்டிலேயே குறைந்த விலையில் ஒரு ஸ்டென்டை ஆக்கினார்கள். கலாம்–ராஜு ஸ்டென்ட் என்பது அதன் பெயர். தமிழர் ஒருவர் பெயரும் தெலுங்கர் ஒருவர் பெயரும் ஒட்டி நிற்கும் அக்கருவியைப் பற்றி, இரு மொழிக்கும் நடுவில் வாழும் எங்கள் ஊரார் பேசி மகிழ்வதுண்டு.

ஆயினும் சந்தை முழுவதும் மலிந்துவிடவில்லை. வெறும் உலோக ஸ்டென்டுக்குள்ளும் சிலருக்குத் தசை வளர்ந்து வழி மீண்டும் குறுகவே, மருந்து பூசிய ஸ்டென்ட் வந்தது. 2003 இல் அமெரிக்க அனுமதி பெற்றது. அதில் முதலில் பூசிய மருந்து பசிபிக் கடலின் நடுவே தனித்துக் கிடக்கும் ஈஸ்டர் தீவின் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து கிடைத்தது. அதைப் பிரித்தெடுத்தவர் சுரேந்திரநாத் சேகல் என்ற இந்தியர். கனடாவில் அவர் வேலை பார்த்த ஆராய்ச்சிக் கூடம் மூடப்பட்டு, அந்த ஆராய்ச்சியும் கைவிடப்பட்டபோது, அந்நுண்ணுயிரை அவர் தம் வீட்டு ஐஸ் பெட்டியில் சில ஆண்டுகள் காத்து வைத்திருந்தார். அவ்வம்மையார், அவர் மனைவி, ஐஸ்கிரீம் டப்பாவோடு அதையும் பொறுத்துக்கொண்டதற்கு நாம் நன்றி சொல்லவேண்டும்.

பெயரும் பூச்சும் ஏற ஏற விலையும் ஏறிற்று. மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்றுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்த குடும்பங்களை நான் அறிவேன். நகை வைத்தவர்கள், நிலம் விற்றவர்கள். செய்வதற்கும் இறக்குமதிக்கும் ஆகும் செலவைப்போல் பன்மடங்கு இடையில் ஏறுகிறது என்ற முறையீடு எழுந்தது. 2016 இல் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் ஸ்டென்ட் சேர்க்கப்பட்டது. 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் விலை ஆணையம், வெறும் உலோக ஸ்டென்டுக்கு 7,260 ரூபாயும், மருந்து பூசியதற்கு 29,600 ரூபாயும் உச்ச விலையாக நிர்ணயித்தது. அதன்பின் அவ்வப்போது திருத்தி வருகிறது. கருவி கண்டுபிடித்தவர்களின் வரலாற்றில் இவ்வாணைக்கும் ஓர் இடம் கொடுக்கவேண்டும் என்பது என் கருத்து. வாங்கமுடியாத கருவி, சத்தியவேட்டு வேர்க்கடலை விவசாயிக்கு இன்னும் கண்டுபிடிக்கப்படாத கருவியே.

பெரியப்பா ஊன்றுகோலோடு பதினான்கு ஆண்டுகள் இருந்தார். கொல்லைக்குப் போகமுடியாதவர், திண்ணையில் அமர்ந்து கடலை உரித்துக்கொண்டே எங்களுக்கு மகாபாரதம் சொல்வார். பலூன் குழலின் கதையை அவரிடம் ஒருமுறை சொன்னேன். தூண்டில் முடிச்சைப் பற்றிச் சொன்னதும் சிரித்தார். ஏரியில் தூண்டில் போட்ட கை எத்தனை நம் ஊரில் உண்டு, ஒருவனுக்கும் தோன்றவில்லையே என்றார். 2009 இல் காலமானார்.

அவருடைய மூத்த மகன், எங்களுக்கெல்லாம் பெரியண்ணன், 2019 இல் ஒருநாள் இரவு சாப்பிட்டு எழுந்ததும் நெஞ்சில் பாரம் என்றார். இடது கை கனத்தது, உடம்பெல்லாம் வியர்த்தது. வாயு என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அண்ணி கேட்டிருக்கமாட்டார். 108 வண்டி வந்தது. சென்னையா திருப்பதியா என்ற பழைய கேள்விக்கு வண்டியிலிருந்தவர்களே விடை சொன்னார்கள்: எங்கே முதலில் பலூன் செய்ய ஆயத்தமாக இருக்கிறார்களோ அங்கே. நள்ளிரவுக்கு முன்பே மணிக்கட்டின் வழியாகக் குழலைச் செலுத்தி, அடைப்பை நீக்கி, ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். நான் இரயிலும் பஸ்ஸும் மாறிப் போய்ச் சேர்ந்தபோது, அண்ணன் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மணிக்கட்டில் ஒரு சிறு கட்டு மட்டும் இருந்தது. கட்டிலின் பக்கத்தில் பெரியம்மா, எண்பது வயதில், அவர் இரண்டு பாதங்களையும் மாறி மாறித் தொட்டுச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார். இது காலில் வந்த நோயன்று என்று அவருக்கு எடுத்துச் சொன்னோம். கேட்டுக்கொண்டார், கையை எடுக்கவில்லை.

வீடு திரும்பும்போது ஆஸ்பத்திரியில் ஓர் அட்டை கொடுத்தார்கள். அண்ணன் அதைப் பஸ் பாஸோடு சேர்த்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். வைத்த நாளும், வைத்த குழாயின் பெயரும் அதில் அச்சிட்டிருக்கின்றன. அவற்றின் கீழே: விட்டம் 3 மில்லிமீட்டர், நீளம் 18 மில்லிமீட்டர்.